இரண்டு விரல் காட்டினால் காலை நீட்டு

கேள்வி: துபாயில் கணக்காளராக இருக்கிறேன், வயது 27. விமானத்திலிருந்து பாராசூட்டுடன் குதிக்கும் ஸ்கைடைவிங் கற்க, பயிற்சியாளர்கள் கூடவே குதித்துச் சொல்லித்தரும் ஏ.எஃப்.எஃப் பயிற்சியில் சேர்ந்தேன். மூன்றாவது குதிப்பில், இருபக்கமும் பிடித்திருந்த பயிற்சியாளர்கள் கையை விட்டதும் பம்பரமாகச் சுற்றிவிட்டேன். திரும்பக் குதிக்க வேண்டும் என்றார்கள். அனுபவசாலிகளிடம் கேட்டால் ஒருவர் ‘முதுகை வளை’ என்கிறார், ஒருவர் ‘காலை நீட்டு’ என்கிறார், இன்னொருவர் ‘ஒன்றுமே செய்யாதே, தளர்வாக இரு’ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகர், ஷார்ஜா

பதில்: தம்பி, மூன்று பேர் சொன்னதும் சரிதான். சிக்கலே அதுதான்.

இறகுப்பந்தை எப்படி வீசினாலும் தக்கைதான் முதலில் கீழே வரும். இடுப்பைக் கீழே தள்ளி, கைகால்களை மேலே விட்டால் நீங்களும் அப்படித்தான் நிலையாக விழுவீர்கள். முதுகை வளைக்கச் சொன்னது இதற்கு. ஆனால் ஒரு முழங்கால் மட்டும் கூடுதலாக மடங்கினால் காற்று இருபக்கமும் சமமாகத் தள்ளாது. உடம்பு சுற்றத் தொடங்கும். காலை நீட்டச் சொன்னது அதற்கு. மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் விழும்போது பயத்தில் விறைத்துக்கொண்டால் இரண்டுமே நடக்காது. ஆக, மூன்றாமவரும் தப்பாகச் சொல்லவில்லை.

நான் விமானப்படையில் பாராசூட் பயிற்சியாளராக ஆக்ராவில் இருந்தவன். முதல் குதிப்பு மல்புரா மைதானத்தில், 1,250 அடியிலிருந்து. விமானத்தில் மாட்டிய பட்டையே குடையை இழுத்துத் திறந்துவிடும், யோசிக்க நேரமே கிடையாது. பின்னால் ஃப்ரீஃபால், அதாவது குடையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் விழுவது, பழகியபோதுதான் என் வண்டவாளம் தெரிந்தது. நானும் சுற்றினேன். என் ஆசான் திட்டவில்லை. ஒரு பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, “எந்தக் கால் அதிகம் மடங்கியிருக்கிறது?” என்றார். இரண்டும் ஒன்றுதான் என்றேன். கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தால் வலது கால் குதிகால் ஏறக்குறைய பின்பக்கத்தைத் தொடுகிறது! நம் காலைப் பற்றி நமக்கே சரியாகத் தெரியாது.

நீங்களும் அறையில் இருக்கும் நண்பரிடம் சொல்லி, கட்டிலில் குப்புறப் படுத்து நாலு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இரண்டு விரலை நீட்டிக் காட்டியதும் கால் தானாக நீள வேண்டும். யோசித்து நீட்டினால் போதாது. மேலே உங்கள் பயிற்சியாளர் காட்டப்போவதும் அதே சைகைதான். அப்புறம், உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைப் பார்க்கும்போது உயரத்தை வாய்விட்டுக் கத்துங்கள். யாருக்கும் கேட்காது. ஆனால் கத்தினால் மூச்சு வெளியே வரும், தோள் தளரும்.

யார் பேச்சைக் கேட்பது? உங்களுடன் குதித்தவர் பேச்சை. கேன்டீனில் உட்கார்ந்திருப்பவர் ஆயிரம் முறை குதித்திருக்கலாம், நீங்கள் சுற்றியதை அவர் பார்க்கவில்லையே. அடுத்த குதிப்புக்கு முன் பழைய வீடியோவைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். புரியாததைப் புரிந்தது என்று தலையாட்டாதீர்கள். நம் ஊர்ப் பையன்களிடம் நான் அதிகம் கண்ட வியாதி அது.

ஒன்றில் மட்டும் பேரம் கூடாது. உங்களுக்குச் சொன்ன உயரம், பொதுவாக 5,500 அடி, வந்துவிட்டால் சுற்றிக்கொண்டிருந்தாலும் குடையைத் திறங்கள். ‘இன்னும் ஒரு நொடியில் சரிசெய்துவிடலாம்’ என்று பார்க்காதீர்கள். தானாகத் திறக்கும் கருவி இருக்கிறதே என்று காத்திருக்கவும் கூடாது. திரும்பக் குதிப்பதில் வெட்கம் எதற்கு? அமெரிக்க முறையில் முதல் உரிமத்துக்கே குறைந்தது 25 குதிப்பு வேண்டும். இதுவும் அந்தக் கணக்கில் சேரும்.

போட்டோ எடுத்ததும் எந்தக் கால் என்று எழுதுங்கள். வலது என்று பந்தயம்.