சிங்கிள்டனுக்குள் வரும் 0: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜாவாவில் ஒரு சிங்கிள்டன் கிளாஸ் (ஒரே ஒரு ஆப்ஜெக்ட் மட்டும் உருவாகும் கிளாஸ்) எழுதினேன். முதல் வரியில், நியூ போட்டு அதன் ஆப்ஜெக்டை வைத்திருக்கும் ஸ்டாடிக் (கிளாஸுக்கே உரிய) ஃபீல்டு. அடுத்த வரியில் ‘வரம்பு = 50’ என்று ஒரு ஸ்டாடிக் இன்ட். கன்ஸ்ட்ரக்டருக்குள் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி) வரம்பை அச்சிட்டால் 0 வருகிறது. வரம்பை ஃபைனல் (பிறகு மாற்ற முடியாதது) ஆக்கினால் 50. கம்பைலரில் கோளாறா?

பதில்: கோளாறு வரிசையில். ஸ்டாடிக் வரிகளைக் கம்பைலர் மேலிருந்து கீழாக ஒரே தொடக்க மெதடாகத் தொகுத்துவிடும். அது ஓடுவதற்கு முன்பே எல்லா ஸ்டாடிக் ஃபீல்டுகளிலும் அதனதன் வகைக்கு ஏற்ப 0, ஃபால்ஸ் அல்லது நல் (null, எதையும் சுட்டாத மதிப்பு) இருக்கும். முதல் வரி கன்ஸ்ட்ரக்டரை அழைக்கும்போது 50 போடும் வரிக்கு முறையே வரவில்லை. அந்த நேரத்தில் சிங்கிள்டன் ஃபீல்டும் நல்தான். கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகே ஆப்ஜெக்டைச் சுட்டும் ரெஃபரன்ஸ் அதில் போய் உட்காரும். ஆகவே கன்ஸ்ட்ரக்டர் அழைக்கும் வேறொரு கிளாஸ் திரும்பி வந்து சிங்கிள்டனைக் கேட்டால் நல் கிடைக்கும். அதே த்ரெட் (நிரலின் ஓட்ட இழை) என்பதால் ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள்) காக்க வைக்காது. வேறு த்ரெட் என்றால் தொடக்கம் முடியும்வரை நிறுத்தி வைக்கும்.

ஸ்டாடிக் வரியிலேயே, கீழே அறிவித்த ஃபீல்டை நேராகப் படித்தால் கம்பைலர் தடுத்துவிடும். கன்ஸ்ட்ரக்டர் வழியாகப் படிப்பதை அது சோதிப்பதில்லை.

ஃபைனல் இன்ட் 50 ஒரு மாறிலி. படிக்கும் இடத்திலேயே கம்பைலர் 50-ஐப் பதித்துவிடுவதால் வரிசை பொருட்டே இல்லை. (மதிப்பை மாற்றினால் அதைப் பயன்படுத்தும் மற்ற கிளாஸ்களையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.) இன்ட்டுக்குப் பதில் இன்டிஜர் (எண்ணை ஆப்ஜெக்டாக வைக்கும் வகை) என்று எழுதினால் இந்தச் சலுகை கிடையாது. கன்ஸ்ட்ரக்டரில் அதைக் கணக்கில் பயன்படுத்தினால், நல்லை எண்ணாக மாற்றப் போய், முதல் தடவை எக்செப்ஷன்-இன்-இனிஷியலைசர் எரர் வரும். அடுத்த தடவையிலிருந்து நோ-கிளாஸ்-டெஃப்-ஃபவுண்ட் எரர். பலர் இரண்டாவதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளாஸ்பாத்தை (கிளாஸ் கோப்புகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) துழாவுகிறார்கள். பதிவுக் கோப்பில் (log) முதல் பிழையைத் தேடுங்கள்.

தீர்வு: சிங்கிள்டன் வரியை மற்ற ஸ்டாடிக் ஃபீல்டுகளுக்குக் கீழே இறக்குங்கள். கன்ஸ்ட்ரக்டரிலிருந்து வெளிக் கிளாஸ்களை அழைக்காதீர்கள்.

கேள்வி: சிங்கிள்டனைத் தேவைப்படும்போது உருவாக்க, லாக் (lock, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டு) போடும் முன்னும் போட்ட பின்னும் ஃபீல்டு நல்லா என்று சோதிக்கும் முறையில், அந்த ஃபீல்டுக்கு வாலட்டைல் (ஒரு த்ரெட் எழுதியது மற்ற த்ரெட்களுக்கு முறையாகத் தெரியச் செய்யும் குறிச்சொல்) கட்டாயமா?

பதில்: கட்டாயம். அது இல்லாவிட்டால், ஆப்ஜெக்டின் ஃபீல்டுகள் நிரம்பும் முன்பே ரெஃபரன்ஸ் இன்னொரு த்ரெட்டின் கண்ணில் பட்டுவிடலாம். வாலட்டைல் போட்டாலும் ஜாவா 5-க்கு முந்தைய பதிப்புகளில் இந்த முறைக்கு உத்தரவாதம் இல்லை. ஆப்ஜெக்டை உள் ஸ்டாடிக் கிளாஸ் ஒன்றில் வைத்தால் லாக்கே எழுத வேண்டாம். அந்தக் கிளாஸை முதலில் தொடும்போது ஜேவிஎம்மே பூட்டிக்கொள்ளும்.