சுருட்டரின் பெயர் என்ன?

வணக்கம் அண்ணா,

அப்பப்பா போன வருடம் காலமாகிவிட்டார். இந்த ஆடி அமாவாசைக்கு அப்பா முதன்முறையாகத் திருகோணமலைக் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்தார், நானும் கூடப் போயிருந்தேன். ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். அப்பப்பாவின் பெயரைச் சொன்ன அப்பா அதற்கு மேல் முழித்துக்கொண்டு நின்றார். அப்பப்பாவின் தகப்பனாரைச் சம்பூரில் எல்லோரும் ‘சுருட்டர்’ என்றுதான் சொல்வார்களாம், அவர் சுருட்டே குடிக்கமாட்டாராம். உண்மையான பெயர் தெரியாது. 2006இல் போரால் இடம்பெயர்ந்தபோது படம், காணி உறுதி எல்லாம் போய்விட்டன. அன்று மத்தியானம் அம்மா காத்தோட்டிக்காய் பொரித்துப் படைத்தும் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. இதற்குள் லண்டனில் இருக்கும் சித்தப்பா, நாங்கள் குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் கொண்டுவந்து குடியேற்றிய ஆட்கள் என்று வம்ச வரலாறு அச்சடிக்கப் போவதாகச் சொல்கிறார். பூட்டன் பெயரே தெரியாதவர்களுக்கு வம்ச வரலாறு எதற்கு?

(பெயர் வேண்டாம், மூதூர் என்று மட்டும் போடுங்கள்.)

அன்பின் தங்கச்சிக்கு,

முதலில் அப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். பெயர் தெரியாதவர்களுக்கும், தண்ணீர் இறைக்க ஆளில்லாமல் போனவர்களுக்கும் சேர்த்து இறைக்கிற இடம் அந்தக் கிரியைக்குள்ளேயே இருக்கிறது. சுருட்டர் பட்டினி கிடக்கவில்லை.

அப்புறம், அந்தப் பெயர் தொலைந்துவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். அப்பாவின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தீர்களா? நம் நாட்டுப் படிவத்தில் பிள்ளையின் பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுத ஒரு கட்டம் உண்டு. உங்கள் அப்பாவுக்குப் பாட்டனார்தானே சுருட்டர்! சான்றிதழ் இடம்பெயர்வில் போயிருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அந்தக் கட்டத்தை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கசக்கவும் செய்யும். உன் தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே, பூட்டன் எங்கே என்று 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கேட்டுத்தான் மலையகத்தில் இலட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. அதே கேள்வி இன்று உங்களுக்கு ஒரு பூட்டனைத் திருப்பித் தரக்கூடும்.

அடுத்தது கல்வெட்டு. கல்லில் வெட்டியது இல்லை, இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையன்று வந்தவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுப்போமே, அந்தச் சிறு புத்தகம். முன்பக்கத்தில் படம், அதன்கீழ் திதி வெண்பா, பிறகு தேவாரம், கடைசிப் பக்கங்களில் வம்சாவளி. உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் சம்பந்தம் செய்த வீடுகளில் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகிக் கிடக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்திலும் இப்படியான நினைவு மலர்கள் நிறைய இருக்கின்றன, ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். திதி வெண்பாவை மட்டும் பாட்டுத்தானே என்று தாண்டிப் போகாதீர்கள், இறந்த வருடம், மாதம், பட்சம், திதி நான்கும் அதற்குள் இருக்கும்.

ஆனால் கல்வெட்டை அப்படியே நம்பவும் கூடாது. எங்கள் அம்மம்மாவின் கல்வெட்டு என்னிடம் இருக்கிறது. மஞ்சளாகிப்போன தாள், அட்டையில் துருப்பிடித்த ஊசி. சகோதரர்கள் என்ற இடத்தில் நான்கு பெயர். அவர்கள் ஐந்து பேர் என்று எனக்கு இருபத்தைந்து வயதில்தான் தெரியும், அதுவும் ஒரு செத்த வீட்டில், பந்தலுக்குள் பக்கத்தில் இருந்த கிழவி வெற்றிலை இடித்துக்கொண்டே ‘உன்ர அம்மம்மான்ர தங்கச்சி கன்னியாப் பக்கம்தானே இருந்தவ’ என்று சொன்னபோது. வீட்டுக்குப் பிடிக்காத கலியாணம் செய்தவராம். அச்சடித்தவர்கள் அவரை விட்டுவிட்டார்கள். நான் தேடிப் போனேன், ஆள் இல்லை, மகள் இருந்தார். அவர் வீட்டுச் சுவரில் எங்கள் அம்மம்மாவின் படம் மாலையோடு தொங்கியது. நாங்கள் அவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்திருந்தோம், அவர்கள் எங்களுக்கு ஒவ்வொரு வருடமும் படைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தேத்தண்ணி தொண்டைக்குள் இறங்கவில்லை.

இதனால்தான் சித்தப்பாவின் புத்தகத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். குளக்கோட்டன் கதை பொய் என்று நான் சொல்லவரவில்லை. திருகோணமலைக் கோணேசர் கோயில் தொழும்புக்குத் தானத்தார், வரிப்பத்தார் என்று குடிகள் பிரித்து வைக்கப்பட்டதைக் கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூல் சொல்கிறது, உங்கள் ஆட்களும் அதில் இருக்கலாம். ஆனால் குளக்கோட்டனுக்கும் சுருட்டருக்கும் நடுவில் எத்தனையோ நூற்றாண்டுகள். போர்த்துக்கீசர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டியதெல்லாம் அந்த இடைவெளியில்தான் வருகிறது. அதை ராசா மந்திரி வைத்து நிரப்பினால் புத்தகம் பளபளக்கும், சுருட்டர் உள்ளே வரமாட்டார். வயலில் நின்றவர், கொட்டியாரக் குடாவில் வலை இழுத்தவர், கடன் வாங்கிக் கொடுக்காதவர், இவர்களுக்கெல்லாம் இடமில்லாத வம்ச வரலாறு யாருடைய வரலாறு? சித்தப்பாவோடு சண்டை போடவேண்டாம். புத்தகத்தில் பத்துப் பக்கம் உங்களுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். அதில் தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதி, பக்கத்தில் யார் சொன்னது, எப்போது சொன்னது என்றும் போடுங்கள். ஒரே விடயத்தை இரண்டு பேர் இரண்டு மாதிரிச் சொன்னால் இரண்டையும் போடுங்கள், தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

அப்பா வழியை மட்டும் பிடித்துக்கொண்டும் போகாதீர்கள். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறும் உண்டானதே இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்யத்தான் என்று கதை சொல்கிற ஊர்க்காரர் நாம். உங்கள் கடிதத்தில் சுருட்டரின் மனைவி எங்கே? ஊரில் மிச்சமிருக்கிற வயதான பெண்களிடம்தான் முதலில் போகவேண்டும், பிரதேச செயலகம் எங்கேயும் ஓடிப்போகாது. போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் போனை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள், பேச்சு நின்றுவிடும். ‘எங்கள் வம்சத்தைப் பற்றிச் சொல்லுங்கோ’ என்று கேட்டால் ஒன்றும் வராது. 64ஆம் ஆண்டுப் புயலுக்கு எங்கே ஒதுங்கினீர்கள், அப்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். ஆட்கள் ஒவ்வொருவராக வருவார்கள்.

சான்றிதழ் கிடைத்ததும் எழுதுங்கள். சுருட்டே குடிக்காத மனிதருக்கு அந்தப் பட்டம் எப்படி வந்தது என்பதையும் யாரிடமாவது கேட்டு வையுங்கள், எனக்கு அதுதான் இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடுகிறது.