சுவிஸ்ஏர் நின்றுபோன நாள்: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் சூரிச்சில் இருக்கிறேன். 2001 ஒக்டோபரில் க்ளோட்டன் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் சமையல்கூடத்தில் வேலை. சுவிஸ்ஏர் நின்றுபோன அன்று, ஏற்றுவதற்கு அடுக்கிவைத்த தட்டுகள் அப்படியே கிடந்தன. எங்களோடு வேலைசெய்த சுவிஸ்காரர் சிலர் வாய்விட்டு அழுதார்கள். ஒருவர் மறுநாளே யூபிஎஸ் வங்கிக்குப் போய்க் கணக்கை மூடிவிட்டு வந்தார். நாட்டையே விட்டுவிட்டு வந்த எங்களுக்கு, ஒரு கொம்பனிக்காக அழுவது விளங்கவில்லை. சனங்களுக்கு ஏன் அவ்வளவு கோபம்? அது சரியான ஆட்கள் மேல்தான் போனதா?

க., சூரிச்

அன்புள்ள க.,

கோபம் நியாயமானது. ஆனால் அது வங்கி வாசலோடு நின்றுவிட்டது. இன்னும் ஒன்பது வருடம் பின்னால் போயிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் அந்த அழுகை. சுவிஸ்ஏர் 1931-இல் தொடங்கிய நிறுவனம். பெரும்பகுதி தனியார் பங்குதான், அரசுக்கு அதில் சிறு பங்கே இருந்தது. ஆனால் வாலில் நாட்டின் கொடி. கையிருப்பின் பலத்தால் 'பறக்கும் வங்கி' என்றே அதற்குப் பெயர். நான்கு மொழி பேசுகிற ஒரு நாட்டில், எல்லோரும் சேர்ந்து எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தவை கொஞ்சம்; அதில் இது ஒன்று. அப்படிப்பட்ட நிறுவனத்திடம் 2001 அக்டோபர் 2, செவ்வாய்க்கிழமை, எரிபொருளுக்குக் கொடுக்க ரொக்கம் இல்லை. கடனுக்குத் தர யாரும் தயாராக இல்லை. பிற்பகலில் எல்லா விமானங்களும் தரையில் நின்றன. பயணிகள் உலகம் முழுக்க அங்கங்கே மாட்டிக்கொண்டார்கள். உங்களோடு வேலை செய்தவர்கள் தங்கள் வேலைக்காகவும் அழுதிருப்பார்கள், இங்கே இப்படியெல்லாம் நடக்காது என்ற நம்பிக்கை போனதற்காகவும் அழுதிருப்பார்கள். நாட்டை இழந்து வந்தவர்களுக்கு அது சின்ன இழப்பாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அந்தச் சுவிஸ்காரர்களுக்கு அது சின்னதில்லை.

வங்கி மேல் கோபம் ஏன் திரும்பியது? யூபிஎஸ், கிரெடி சுவிஸ் என்ற இரண்டு பெரிய வங்கிகளும் அதற்கு முந்தைய நாள்தான், சுவிஸ்ஏர் குழுமத்தின் துணை விமான நிறுவனமான கிராஸ்ஏரில் அதற்கிருந்த பங்குகளை வாங்க ஒப்புக்கொண்டிருந்தன. இடைக்காலக் கடன் எப்போது, எந்த நிபந்தனையில் வந்திருக்க வேண்டும் என்பதில் வங்கியும் நிறுவனமும் வேறு வேறு கதை சொன்னார்கள். மக்கள் பார்த்தது இதைத்தான்: பிழைக்கக்கூடிய பகுதியை எடுத்துக்கொண்டார்கள், மீதியைச் சாகவிட்டார்கள். இந்தப் பார்வையைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். மறுநாள் அரசு 45 கோடி ஃபிராங்க் கடன் கொடுத்த பிறகுதான் விமானங்கள் மறுபடி கிளம்பின. அதாவது, தேவைப்பட்ட தொகை அந்த நாட்டுக்குத் திரட்ட முடியாத தொகை இல்லை.

ஆனால் வங்கி கைவிட்டது ஏற்கெனவே கவிழ்ந்துவிட்ட நிறுவனத்தை. கவிழ்த்தது எது?

1992 டிசம்பர் 6-ஆம் தேதி, ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சந்தையில் பங்குபெற வழிசெய்யும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேரலாமா என்ற வாக்கெடுப்பில் சுவிஸ் மக்கள் வேண்டாம் என்றார்கள். 50.3 சதவீதம், மயிரிழை வித்தியாசம். ஐரோப்பாவுக்குள் தடையின்றிப் பறக்க மற்ற நிறுவனங்களுக்கு வானம் திறந்தது, சுவிஸ்ஏர் வெளியே நின்றது. அடுத்த வருடமே கேஎல்எம், எஸ்ஏஎஸ், ஆஸ்திரியன் என்ற மூன்று ஐரோப்பிய விமான நிறுவனங்களோடும் இணையும் பேச்சு நடந்தது. அமெரிக்கக் கூட்டாளி யார் என்ற தகராறில் அது முறிந்தது. நம் விமானம் இன்னொருவன் கைக்குப் போகக் கூடாது என்ற எதிர்ப்பு உள்ளூரிலும் பலமாகவே இருந்தது. சரி, சேரவும் கூடாது, சிறியதாக இருக்கவும் கூடாது என்றால் என்ன வழி?

மெக்கின்சி என்ற நிர்வாக ஆலோசனை நிறுவனத்தார் வழி சொன்னார்கள். 'ஹண்டர்' என்று பெயர் வைத்த திட்டம்: மற்ற நாட்டு விமான நிறுவனங்களில் பங்கு வாங்கிக் குவிப்பது. பெல்ஜியத்தின் சபேனா, ஜெர்மனியின் எல்டியு, பிரான்ஸில் ஏஓஎம், ஏர் லிட்டோரல், ஏர் லிபர்ட்டே, போலந்தின் லாட், தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் என்று பட்டியல் நீண்டது. அதில் பல நஷ்டத்தில் ஓடியவை. இங்கேதான் 1992 திரும்ப வந்து கழுத்தைப் பிடித்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர் அங்குள்ள விமான நிறுவனத்தில் பாதிக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதனால்தான் சபேனாவில் 49.5 சதவீதம். முழு அதிகாரம் கையில் இல்லை, நஷ்டத்தை மட்டும் தாங்க வேண்டும். 2000-ஆம் ஆண்டுக் கணக்கில் 290 கோடி ஃபிராங்க் நஷ்டம். செப்டம்பர் 11 தாக்குதல் வந்தது அதற்கு அப்புறம்தான்.

இதையெல்லாம் தலையாட்டி ஏற்ற இயக்குநர் குழுவில் நாட்டின் பெரிய அரசியல்வாதிகளும் தொழிலதிபர்களும் இருந்தார்கள். கிரெடி சுவிஸ் தலைவர் லூகாஸ் மியூலமனும் இருந்தார். அவர் முன்பு மெக்கின்சியின் சுவிஸ் கிளைக்குத் தலைவராக இருந்தவர். ஆலோசனை சொன்ன இடமும், ஆமோதித்த இடமும், கடன் கொடுத்த இடமும் ஒரே வட்டத்துக்குள். மக்கள் கேள்வி கேட்டிருக்க வேண்டிய வட்டம் இது, 2001-இல் அல்ல, பணம் வெளியே போய்க்கொண்டிருந்த வருடங்களில்.

பெல்ஜியத்தையும் மறக்க வேண்டாம். 2001 நவம்பர் 7-இல் சபேனா திவாலானது. தருவதாக ஒப்புக்கொண்ட பணத்தை சுவிஸ்ஏர் தரவில்லை என்று அங்குள்ளவர்கள் கொதித்தார்கள். சூரிச்சில் வங்கியைப் பார்த்து எழுந்த அதே கோபம், பிரஸ்ஸல்ஸில் சுவிஸ்ஏரைப் பார்த்து எழுந்தது. சுவிஸ்ஏருக்காக அழுதவர்களில் அந்தப் பெல்ஜியக்காரர்களை நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

2007-இல் சூரிச் அருகே ப்யூலாக் நீதிமன்றத்தில், சுவிஸ்ஏர் வீழ்ச்சி தொடர்பாக 19 பேர் மீது நடந்த வழக்கில் எல்லோரும் விடுதலை. சுவிஸ்ஏருக்குப் பதிலாக, கிராஸ்ஏரை வைத்து உருவாக்கிய 'சுவிஸ்' நிறுவனத்துக்கு சூரிச் மாநில மக்கள் 2002-இல் தங்கள் வரிப்பணத்தைக் கொடுக்க வாக்களித்தார்கள். 2005-இல் அதை லுஃப்தான்சா வாங்க முடிவானது. யார் கைக்கும் போகக் கூடாது என்று 1993-இல் பயந்தார்களே, அதுவே நடந்தது, இத்தனை பேர் வேலையையும் இழந்த பிறகு.

அன்று உங்கள் சமையல்கூடத்தில் வேலை போனவர்கள் யார், இழப்பீடு எவ்வளவு வந்தது, வாக்குரிமை இல்லாத உங்களைப் போன்றவர்களிடம் யாராவது எதையாவது கேட்டார்களா? இயக்குநர்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நீங்கள் விரிவாக எழுதி அனுப்பினால் இங்கேயே வெளியிடுகிறேன்.