அக்கொமடேஷன்: ஒரு எம்மா, இரண்டா?

இரண்டு எம், இரண்டு சி. உங்கள் பினாங்கு ஜார்ஜ்டவுன் தங்கும் விடுதிப் பலகைக்குக் கடைக்காரர் அனுப்பிய டிசைனில் ஒரு எம்தான் இருக்கிறது, அது தவறு. மொத்தம் 13 எழுத்து: ஏ, சி, சி, ஓ, எம், எம், ஓ, டி, ஏ, டி, ஐ, ஓ, என். நடுவில் இருப்பது ஓ. அங்கே ஈ போடுகிறவர்களும் உண்டு, அதையும் பாருங்கள்.

நம் ஊரில் இது சறுக்குவதற்கு மலாய் ஒரு காரணமாக இருக்கலாம். மலாயில் அக்கொமொடாசி என்பதற்கு ஒரு கே, ஒரு எம். கொமர்ஷியல், அக்செசரி எல்லாம் இப்படித்தான். ரூமியில், அதாவது மலாயை எழுதும் ரோமன் எழுத்தில், இப்படி மெய்யெழுத்தை இரட்டிப்பது அரிது. அந்தக் கை ஆங்கிலத்திலும் அப்படியே எழுதிவிடும்.

டிசைன் ஃபைலில் எழுத்தை வடிவமாக மாற்றியிருந்தால் ஸ்பெல் செக் எதையும் காட்டாது. பலகையில் உள்ளதை ஓர் எழுத்து விடாமல் வேர்டில் தட்டி, மொழியை 'இங்கிலிஷ் மலேசியா' என்று வைத்துப் பாருங்கள். மலாயில் இருந்தால் சரியான சொல்லுக்கும் சிவப்புக் கோடு விழும்.

கடைசியில் எஸ் வேண்டாம். தங்குமிடம் என்ற பொருளில் எஸ் சேர்ப்பது அமெரிக்க வழக்கம். நாம் எழுதுவது பிரிட்டிஷ் முறை. இதே சொல்லுக்கு விட்டுக்கொடுத்து ஒத்துப்போவது, கண் கிட்டப் பார்வைக்கும் தூரப் பார்வைக்கும் தன்னை மாற்றிக்கொள்வது என்ற பொருள்களும் உண்டு. பலகைக்கு அவை இடைஞ்சல் இல்லை.

ஒன்று: ஆங்கிலம் மட்டும் போட்டால் மாநகர் மன்ற அனுமதி சிக்கலாகும். தங்குமிடத்தைக் குறிக்கும் பெங்இனாப்பான் என்ற மலாய்ச் சொல் பெரிதாக மேலே வரட்டும். அனுமதிக்கு ஏற்கெனவே டிசைன் கொடுத்துவிட்டீர்கள் என்றால், திருத்தியதை அங்கேயும் காட்டிவிட்டு அச்சடிக்கச் சொல்லுங்கள்.