ஒரே குளம், இத்தனை வாய்: கேள்வி பதில்

போன கிழமை உயிரினங்களுக்கு இடையிலான போட்டி பற்றிக் கேள்வி கேட்டிருந்தீர்கள். முடிந்தவற்றுக்கு எழுதுகிறேன்.

மாங்குளத்திலிருந்து: அக்கா, எங்கட குளத்தில் கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. சண்டையே இல்லை. போட்டி எங்கே இருக்கிறது?

தம்பி, கொத்திச் சண்டை பிடிப்பதைத் தேட வேண்டாம். அரை மணி நேரம் குளக்கட்டில் இருந்து யார் எதைப் பிடிக்கிறார் என்று பாருங்கள். நத்தைகுத்தி நாரை நத்தையைத் தேடும், கரண்டிவாயன் அலகை இடமும் வலமுமாக வீசித் தண்ணீரை அலசிக்கொண்டு போகும், சின்னக் கொக்குக்குக் கால் எட்டுகிற ஆழம்தான் எல்லை, அதற்கப்பால் முங்குகிற நீர்க்காகத்தின் பாடு. இந்தப் பங்கீட்டுக்குப் பின்னால் பழைய போட்டி இருந்திருக்கலாம். கோடையில் குளம் வற்றி மீன் குட்டைகளில் குவியும்போது எல்லாரும் ஒரே இடத்தில் நெருக்குவார்கள், ஆனால் சாப்பாடு மிஞ்சிக் கிடக்கிற அந்த நாட்களில் போட்டி பெரும்பாலும் குறைவு. கூட்டம் வேறு, பற்றாக்குறை வேறு.

உயர்தர மாணவி, கிளிநொச்சி: கௌஸ் பரிசோதனைக்கு "ஓர் இனம் மற்றதை அழிக்கும்" என்று எழுதினால் போதுமா?

போதாது தங்கச்சி, அது பாதிக் கதை. 1934இல் ரஷ்ய உயிரியலாளர் கௌஸ் வெளியிட்டதில் ஓரேலியா, கோடேற்றம் என்ற இரண்டு பரமேசிய (ஒருகல நுண்ணுயிர்) இனங்களை ஒன்றாக வளர்த்தபோது கோடேற்றம் அழிந்தது உண்மை. ஆனால் அதே கோடேற்றத்தைப் புர்சாரியா என்ற இன்னொரு பரமேசிய இனத்தோடு விட்டபோது இரண்டுமே பிழைத்தன, ஒன்று மேலே மிதக்கும் பற்றீரியாவையும் மற்றது அடியில் படிந்த மதுவத்தையும் தின்றதால். இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

இரணைமடுப் பக்கம் மீன்பிடிக்கும் ஐயா: திலாப்பியாதான் நம்மட மீனை எல்லாம் விரட்டியதா?

ஐயா, அப்படி ஒரே அடியாகச் சொல்ல மாட்டேன். மொசாம்பிக் திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. நம் நாட்டில் இயற்கை ஏரி என்று சொல்ல ஒன்றும் இல்லை, குளங்கள் மனிதர் கட்டியவை, நம் சொந்த மீன்களோ பெரும்பாலும் ஆற்றுக்கும் வெள்ளச் சமவெளிக்கும் பழகியவை. அகன்ற, ஓடாத தண்ணீரில் அதிகம் நிரம்பாமல் கிடந்த இடத்தில்தான் இது வந்து உட்கார்ந்தது. அதற்காக எந்தக் குளத்திலும் புது மீனை விடலாம் என்று எடுத்துவிடாதீர்கள், விட்டதைத் திரும்பப் பிடித்து முடிக்க முடியாது.

வவுனியா: பார்த்தீனியம் ஏன் இப்படிப் பரவுகிறது?

விதை ஏராளம், அயல் செடிகளின் முளைப்பைத் தடுக்கிற வேதிப்பொருளும் அதில் உண்டு. மாடு மற்றப் புல்லை மேய்ந்து இதை ஒதுக்குவதால் இடமும் கிடைக்கிறது. பூக்க முன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள், தோல் கடிக்கும்.

முல்லைத்தீவு: அப்படியென்றால் மாட்டை மறித்து வேலி போட்டால் புல்லினங்கள் கூடும்தானே?

கட்டாயம் இல்லை. அமெரிக்கக் கடற்கரைப் பாறையொன்றில் சூழலியலாளர் ராபர்ட் பெயின் நட்சத்திரமீனை அகற்றிக்கொண்டே வந்தார், அது தின்னும் சிப்பி பெருகி இடத்தைப் பிடிக்க, 15 இனங்கள் 8 ஆகின என்று 1966இல் எழுதினார். மேய்ச்சலும் அப்படிப் பலமான புல்லை அடக்கி வைக்கலாம், மிஞ்சினால் எல்லாவற்றையும் மொட்டையடிக்கும். ஒரு மூலையை மட்டும் அடைத்து, மாரி முடிந்ததும் உள்ளேயும் வெளியேயும் எத்தனை வகை என்று எண்ணி எழுதுங்கள்.