நிலாவெளியில் மூன்று இரவு: மாலைதீவிலிருந்து ஒரு டீச்சரின் கணக்கு

கேள்வி: நான் திருகோணமலையைச் சேர்ந்தவள். மாலைதீவில் ஒரு சின்னத் தீவுப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வேலை அழுத்தம் தாங்க முடியவில்லை, இரவில் நித்திரையும் இல்லை. நான்கு மாதத்தில் ஒரு வாரத் தவணை விடுமுறை வருகிறது. ஊருக்கு வந்து, நிலாவெளியில் ஒரு கடற்கரை ஹோட்டலில் மூன்று இரவு தனியாக இருக்க ஆசை. விமான டிக்கெட் 65,000, அறை 84,000, சாப்பாடும் போக்குவரத்தும் 31,000 என்று மொத்தம் 180,000 ரூபாய் வரும். வீட்டுக் கடனுக்கு 60,000, அம்மாவுக்கு 40,000 அனுப்பிய பிறகு மாதம் 35,000 மிஞ்சுகிறது. சேமிப்புக் கணக்கில் 90,000, நிலையான வைப்பில் 400,000 இருக்கிறது. கிரெடிட் கார்டில் 55,000 நிலுவை. கார்டில் தவணைக்குப் போடுவதா, வைப்பை உடைப்பதா? “அம்மா வீடு இருக்க ஹோட்டல் எதற்கு?” என்று அண்ணி கேட்கிறார். எனக்கும் குற்ற உணர்வாக இருக்கிறது.

பதில்: டீச்சர், முதலில் குற்ற உணர்வை விடுங்கள். மாதம் ஒரு லட்சம் ரூபாயைத் தவறாமல் வீட்டுக்கு அனுப்புகிற ஒருவர் மூன்று இரவு ஓய்வெடுப்பது ஊதாரித்தனம் இல்லை. சுற்றிவரக் கடல் இருக்கிற இடத்திலிருந்து இன்னொரு கடற்கரைக்கு வருவதா என்றும் யாராவது கேட்பார்கள். சின்னத் தீவில் பாடசாலைப் படலையைத் தாண்டினாலும் அதே பிள்ளைகள், அதே பெற்றோர்தான். மாலையில் கடலோரம் நடந்தாலும் “டீச்சர், மகன் எப்படிப் படிக்கிறான்?” என்ற கேள்வி கூடவே வரும். உங்களை டீச்சராகத் தெரியாத ஒரு கரை உங்களுக்கு வேண்டும். வாருங்கள்.

ஆனால் கார்டிலும் வேண்டாம், வைப்பையும் உடைக்க வேண்டாம். உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை முதலில் பார்ப்போம்.

ஒரு இரவுக்கு 28,000 என்று ஹோட்டல் சொன்ன விலை வரி சேர்த்ததா? நம் நாட்டில் பல ஹோட்டல்கள் வெறும் அறை விலையைத்தான் முதலில் சொல்லும். அதன்மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணமும், 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம் ஆகிவிட்ட வற் (பெறுமதி சேர்) வரியும் ஏறினால் கிட்டத்தட்ட 36,000. மூன்று இரவுக்கு 108,000. அப்புறம், நீங்கள் எழுதாமலே விட்ட செலவு ஒன்று இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வெறுங்கையோடு வர முடியாது. சொக்லேட், மாசிக் கருவாடு, அண்ணன் பிள்ளைகளுக்கு ஏதாவது, வந்த இடத்தில் ஒரு பிறந்தநாள், “ஒரு பத்தாயிரம் கைமாற்றாகத் தா” என்று ஒருவர். ஓய்வுக்காக வருகிறவர்களின் காசு கடற்கரையில் கரைவதைவிட இதில்தான் அதிகம் கரைகிறது. இதற்கு 25,000 என்று வைத்தாலும் உங்கள் உண்மையான செலவு 180,000 இல்லை, 229,000.

இப்போது வரவு. கார்டு நிலுவை 55,000ஐ சேமிப்புக் கணக்கிலிருந்து இந்த மாதமே கட்டிவிடுங்கள். 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி உத்தரவு போட்டு கார்டு வட்டிக்கு வைத்த உச்ச வரம்பே ஆண்டுக்கு 28 சதவீதம். அந்த விகிதத்தில் உங்கள் நிலுவைக்கு வருடம் 15,400 ரூபாய் வட்டி. வைப்பில் வருகிற வட்டியிலோ 10 சதவீதத்தை முதலிலேயே வரியாகப் பிடிக்கிறார்கள். ஒரு பக்கம் குறைந்த வட்டிக்குக் காசைப் போட்டுக்கொண்டு மறுபக்கம் கூடிய வட்டிக்குக் கடனை வைத்திருப்பதில் அர்த்தமில்லை. கார்டைக் கட்டிய பிறகு கையில் 35,000. நான்கு மாதச் சேமிப்பு 140,000. ஆக விடுமுறைக்கு உங்களிடம் 175,000 இருக்கும். 54,000 துண்டு விழுகிறது.

இரவுகளைக் குறைத்து இதைச் சமாளிக்காதீர்கள். களைத்துப்போன மனுஷிக்கு முதல் இரவும் மறுநாளும் தூங்கவே சரியாகிவிடும். அறையைத்தான் மாற்ற வேண்டும். நகரத்துக்கும் நிலாவெளிக்கும் நடுவே உப்புவெளிப் பக்கம், கடலுக்கு ஐந்து நிமிட நடையில், வரி எல்லாம் சேர்த்து 20,000க்குள் நல்ல விருந்தினர் விடுதி தேடினால் கிடைக்கும். வெள்ளி, சனி, போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களை விட்டு வார நாட்களில் வாருங்கள். அடையாள அட்டையை மறக்காதீர்கள். உள்ளூர் ஆட்களுக்குத் தனி விலை வைத்திருக்கிற ஹோட்டல்கள் இங்கே உண்டு, ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள். நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாமலைத் தீவுக்குப் போவதானால் அங்கேயும் உள்ளூர் டிக்கெட் வேறு, வெளிநாட்டார் டிக்கெட் வேறு. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து தனி வான் பிடிக்காமல் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாக பஸ்ஸில் வந்தால் சாப்பாட்டுச் செலவும் சேர்த்து 20,000க்குள் அடக்கலாம். டிக்கெட் 65,000, அறை 60,000, இது 20,000, பரிசுச் செலவு 25,000. மொத்தம் 170,000. கடன் இல்லாமல் முடிகிறது.

விடுமுறை எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. மே முதல் செப்டெம்பர் வரை நம் பக்கக் கடல் அமைதி. ஆனால் ஆகஸ்டில் பாடசாலை விடுமுறைக் கூட்டத்தோடு விலையும் ஏறும், அப்படியானால் இப்போதே முற்பதிவு செய்யுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை என்றால் மழை, கடலும் கொந்தளிப்பு. அந்த மாதங்களில் அறை மலிவாகக் கிடைத்தாலும் உங்கள் காசுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மாலைதீவுக் காசான ருஃபியாவைக் கையில் கொண்டுவந்து இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அங்கேயே டொலராக மாற்றுங்கள். ஒரு டொலருக்கு 15.42 ருஃபியா என்பது வங்கி விலை. வெளியில் வாங்கினால் அதைவிடக் கூடக் கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் செலவை அந்த விலையில் போட்டுப் பாருங்கள். எவ்வளவு ஆசை காட்டினாலும் உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆட்கள் மூலம்) மட்டும் அனுப்ப வேண்டாம், காசு வராவிட்டால் கேட்க உங்கள் கையில் ஒரு துண்டும் இருக்காது.

அண்ணியின் கேள்விக்கு வருகிறேன். திருகோணமலை நகரத்திலிருந்து நிலாவெளி பதினாறு கிலோமீட்டர்தான். உப்புவெளி இன்னும் கிட்ட. அம்மாவுக்குத் தெரியாமல் அங்கே தங்குவது நடக்காத காரியம். யாராவது பார்த்துச் சொல்லி, பிறகு மனத்தாங்கலைத் தீர்க்கவே தனிச் செலவு வரும். முதல் இரவு அம்மா வீட்டில் தங்குங்கள். “எனக்கு மூன்று நாள் பேசாமல் இருக்க வேண்டும் அம்மா” என்று நேரே சொல்லுங்கள். பரிசுப் பொருளையும் அந்த 25,000இல் மிச்சக் காசையும் அம்மாவிடமே கொடுத்துவிட்டால் யாருக்கு எது என்று அவர் பார்த்துக்கொள்வார், கைமாற்றுக் கேட்பவர்களும் உங்களிடம் வரமாட்டார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் வேறு. மூன்று இரவு ஓய்வு உங்களை மறுபடி அதே வகுப்பறைக்குத்தான் அனுப்பும். திரும்பிப் போய் இரண்டு வாரத்தில் பழைய நிலைமை வந்துவிட்டால், வேலையை மாற்றும் துணிவுக்குப் பணம் வேண்டும். வேலையில்லாமல் ஊரில் ஆறு மாதம் இருக்க உங்களுக்கு என்ன தேவை? கடனும் அம்மா செலவும் 100,000, உங்கள் கைச்செலவு 20,000, ஆக 720,000. வைப்பில் 400,000 இருக்கிறது, அதனால்தான் அதை உடைக்க வேண்டாம் என்றேன். மீதி 320,000. விடுமுறை முடிந்த மாதத்திலிருந்து 35,000 வீதம் போட்டால் பத்து மாதத்தில் சேர்ந்துவிடும். இந்தக் காசைத் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கில் டொலராகவே வையுங்கள். 2022 மார்ச்சில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். பத்து மாதம் தாங்காது என்று மனது சொன்னால் இப்போதே வேறு இடங்களுக்கு விண்ணப்பம் போடத் தொடங்குங்கள், வேலையில் இருந்துகொண்டே தேடுகிறவருக்குச் சம்பளம் பேசும் பலம் அதிகம்.

நித்திரை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு நான்கு மாதம் காத்திருக்க வேண்டாம். அங்கேயே ஒரு வைத்தியரைப் பாருங்கள், உங்கள் காப்புறுதியில் எது அடங்கும் என்று கேளுங்கள். கையிலிருந்து ஏதும் கட்ட வேண்டி வந்தால், பரிசுக்கு ஒதுக்கிய 25,000இல் இருந்து எடுங்கள்.