கல்யாண ஆல்பத்தில் மகள் நிறமே மாறிவிட்டது

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் என் மகள் கல்யாணம் நடந்தது. அவள் மாநிறம். ஆல்பத்தில் ரோஸ் பவுடர் அப்பியது மாதிரி இருக்கிறாள். மாப்பிள்ளை முகமோ ஆரஞ்சு. ஸ்டுடியோவில் கேட்டால், "செல்போன்ல பாக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு, பிரிண்ட் போடுற லேப்ல அப்படித்தான் வரும்" என்கிறார்கள். திரும்பப் பிரிண்ட் போடச் சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம் அண்ணாச்சி. அதற்கு முன்னால் ஆல்பத்தைப் பகலில் ஜன்னலோரம் வைத்து, மகள் தலையில் இருக்கும் மல்லிகைப்பூவைப் பாருங்கள். பூவும் நிறம் மாறியிருந்தால் ஒயிட் பேலன்ஸ் கோளாறு, அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு சரியில்லை. பூ வெள்ளையாகவே இருந்து முகம் மட்டும் ரோஸ் என்றால், யாரோ உட்கார்ந்து கலர் ஏற்றியிருக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். கேட்காமலே பெண்ணை 'நல்ல கலராக்கி'க் கொடுக்கும் பழக்கம் நம்ம பக்கம் இன்னும் போகவில்லை. சில வீட்டுக்காரர்களே அப்படிக் கேட்கிறார்கள் என்பதும் உண்மை.

பட்டு வேட்டியை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அது சந்தன வெள்ளை. அதைச் சுத்த வெள்ளையாக்கப் போனால் முகத்தில் நீலம் பாயும்.

மாப்பிள்ளையின் ஆரஞ்சுக்கு மேடை விளக்கு காரணமாக இருக்கலாம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், மஞ்சள் விளக்கு 3000 பக்கம். ஒரே படத்தில் இரண்டும் விழுந்தால் படம் முழுவதற்கும் ஒரே திருத்தம் போட்டுப் பயனில்லை, முகத்தைத் தனியாகத்தான் திருத்த வேண்டும். ரா ஃபைல், அதாவது கேமரா பதிவு செய்த மூலப் பதிவு, இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஒயிட் பேலன்ஸைப் புதிதாகவே வைக்கலாம். சுருக்கிச் சேமித்த ஜேபெக் படம் மட்டும் என்றால் ஓரளவுக்குத்தான் சரியாகும்.

கம்ப்யூட்டரில் திருத்தும்போது பக்கத்தில் உட்காருங்கள். படத்தில் கன்னத்தின் மேல் மவுஸை வைத்தால், சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்கள் தெரியும். கருப்போ மாநிறமோ, பொதுவாகச் சிவப்பு அதிகம், அடுத்து பச்சை, கடைசியில் நீலம் என்று இருக்கும். நீலம் பச்சையைத் தாண்டினால் அதுதான் அந்த ரோஸ். முகம் இருட்டாக இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டட்டும், நிறத்தைத் தொட வேண்டாம்.

செல்போனில் நன்றாக இருந்தது என்பதெல்லாம் பதிலாகாது. பல போன்கள் நிறத்தைத் தூக்கித்தான் காட்டும். மானிட்டர் காட்டும் நிறத்தை அளந்து சரிசெய்து வைப்பது ஸ்டுடியோவின் வேலை, லேப் மேல் பழி போட முடியாது.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ஆல்பம் விவகாரம் பெரும்பாலும் பேச்சிலேயே முடிந்துவிடும்.

மறுபடி போட்டுத் தருகிறோம் என்று ஒத்துக்கொண்டால், முழு ஆல்பத்துக்கும் தலையாட்டிவிடாதீர்கள். மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து நிற்கும் ஒரு பக்கத்தை மட்டும் அதே பேப்பரில் எடுத்துக் கொடுக்கச் சொல்லி, மகளைப் பக்கத்தில் நிறுத்தி வெயில் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மிச்சத்துக்குச் சரி சொல்லுங்கள்.